அடுக்கி, உருட்டி, வளைக்கும் பெரிய வானூர்திப் பாகங்கள்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பெரிய வானூர்திப் பாகத்தை முழுக்கட்டியிலிருந்து குடைந்தெடுத்தால், காசு கொடுத்து வாங்கிய உலோகத்தின் பெரும்பகுதி சீவலாகத்தான் போகும். அதைத் தவிர்க்கத்தான் ஆர்க்கில் கம்பியை உருக்கி அடுக்கடுக்காக ஏற்றுவதையும், ரோலர், பிரஸ், ஃபோர்ஜிங் போன்ற பழைய வேலைகளையும் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். சேர்க்கும் வழி மூன்று. ஒவ்வொரு அடுக்கையும் ஏற்றியதும் ரோலரால் அழுத்துவது முதல் வழி. இங்கிலாந்தின் கிரான்ஃபீல்ட் பல்கலைக்கழகம் அதிகம் உழைத்தது இதில்தான். தகட்டின் மேல் ரிப்பும் (விறைப்புத் தரும் விலா) பொஸ்ஸும் (குமிழ் போன்ற மேடு) ஏற்றிவிட்டுத் தகட்டை வளைப்பது இரண்டாவது. முன்வடிவத்தை அடுக்கி எடுத்து டைக்குள் வைத்து ஃபோர்ஜ் பண்ணுவது மூன்றாவது. அடுக்கிய டைட்டேனியம் விமானத்தில் ஏறுமா என்று இன்னும் கேட்பவர்கள் உண்டு. நோர்வேயின் நோர்ஸ்க் டைட்டேனியம் செய்த கட்டமைப்புப் பாகம் போயிங் 787 விமானத்துக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.யின் அனுமதி பெற்றது 2017 இலேயே.

கொழும்பை அடுத்த இரத்மலானையிலோ பேலியகொடையிலோ ஒரு பட்டறையில் செய்யக்கூடியது சோதனைத் துண்டு, ஜிக், டை, பயிற்சிப் பாகம் இவ்வளவுதான். பறக்கப் போகும் பாகத்துக்குக் கம்பி லொட் முதல் உலை வரை தனித்தனிச் சான்று வேண்டும். அதற்கு இந்தக் குறிப்பு ஈடாகாது. ஆனால் பிழை வருகிற விதம் இரண்டிலும் ஒன்றே.

ஒரு விடயத்தை முதலே சொல்லிவிட வேண்டும். இந்தக் கலப்பு வேலையில் பிழை தெரிகிற மெசின் ஒன்று, பிழை பிறந்த மெசின் வேறொன்று. பிரஸ்ஸில் வெடித்தது ஆர்க்கில் பிறந்திருக்கும். உலையில் கொப்புளித்தது கம்பிப் பெட்டியில் பிறந்திருக்கும். பிழை கண்ட இடத்திலேயே குமிழைத் திருகத் தொடங்கினால் நாள் முழுக்கத் திருகிக்கொண்டே இருக்கலாம். ஒரு படி பின்னே போய்ப் பாருங்கள்.

கீழே வரும் அளவுகள் பெரும்பாலும் 2219 என்ற செம்பு கலந்த அலுமினியத் தகட்டில் 1.2 மி.மீ. 2319 கம்பியை ஏற்றும் வேலைக்கானவை. டைட்டேனியம் என்று சொல்லும் இடத்தில் 6-4 கலவையையே (6 சதவீத அலுமினியம், 4 சதவீத வனேடியம்) சொல்கிறோம். அலுமினியத்துக்குத் தொடக்கப் புள்ளி: கம்பி வேகம் நிமிடத்துக்கு 6 மீற்றர், டோர்ச் வேகம் நிமிடத்துக்கு 0.6 மீற்றர். 1.2 மி.மீ. கம்பியின் குறுக்குப் பரப்பு 1.13 சதுர மி.மீ.; வேகங்களின் விகிதம் 10; ஆக ஓர் ஓட்டத்தில் விழும் உலோகம் 11.3 சதுர மி.மீ. சுவர் 5.5 மி.மீ. அகலம் என்றால் அடுக்கு உயரம் ஏறக்குறைய 2 மி.மீ. இந்தச் சின்னக் கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள், பாதிப் பிழைக்கு விடை இதில்தான் கிடைக்கும்.

வெட்டி மெருகேற்றினால் ஊசிமுனைத் துளைகள்

முதலில் துளையின் வடிவம். பத்து மடங்கு லென்ஸ் போதும். உருண்டையாக, சுவர் முழுக்கச் சிதறி இருந்தால் ஐதரசன். தட்டையாக, ஒழுங்கில்லாமல், அடுக்கும் அடுக்கும் சேரும் கோட்டிலேயே வரிசையாக இருந்தால் உருகிச் சேராத இடம். அதற்குக் கரண்ட் குறைவோ டோர்ச் வேகம் கூடவோ காரணம். ஓட்டம் தொடங்கும் இடத்தில் மட்டும் இருந்தால் காஸ் முன்கூட்டி வரவில்லை; முன்னோட்ட நேரத்தைக் கூட்டுங்கள்.

உருண்டைத் துளைதான் கொழும்பின் பெரிய தலையிடி. உருகிய அலுமினியம் ஐதரசனை நிறையக் கரைத்து வைத்திருக்கும். உறையும் அந்தக் கணத்தில் கரைதிறன் ஏறத்தாழ இருபதில் ஒன்றாக விழுந்துவிடும். மிஞ்சிய வாயு போக வழியில்லாமல் குமிழியாக உள்ளே நின்றுவிடுகிறது. ஐதரசன் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நீரிலிருந்து. 30 பாகை வெப்பமும் 75 சதவீத ஈரப்பதனும் உள்ள சாதாரணக் கொழும்பு மதியத்தில் பனிபடு நிலை, அதாவது நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 25 பாகை. ஏசி அறையில் 22 பாகையில் வைத்திருந்த கம்பிச் சுருளை வெளியே கொண்டுவந்து உறையைக் கிழித்தால், கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உடனே கம்பியில் படியும். ஏசியில் வைத்தால் கம்பி நல்லாயிருக்கும் என்று நினைத்துச் செய்கிற காரியம்தான் கெடுக்கிறது.

செய்ய வேண்டியது: சுருளை உறை கிழிக்காமல் பட்டறைக்குள் ஓர் இரவு வைத்து, பட்டறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறவுங்கள். திறந்த சுருளை 40 முதல் 50 பாகையில் இருக்கும் பெட்டியில் வையுங்கள். மூடிய பெட்டிக்குள் ஒரு சின்ன ஹீட்டர் எரிந்தாலே போதும். வேலை முடிந்ததும் ஃபீடரில் சுருளை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.

கம்பி நல்லது என்று உறுதியான பிறகும் துளை வந்தால் காஸ் குழாயைப் பாருங்கள். சாதாரண ரப்பர் குழாய் ஈரத்தை உள்ளே விடும்; உள்ளே ஆர்கன் அமுக்கத்தோடு ஓடினாலும் வெளியிலிருக்கும் நீராவி சுவர் வழியாக ஊடுருவி வரும். காலை முதல் ஓட்டம் துளையாகவும், பத்து மணிக்குப் பிறகு வரும் ஓட்டம் சுத்தமாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், குழாய்தான். பி.ரி.எஃப்.ஈ. (டெஃப்லான்) குழாய்க்கு மாற்றுங்கள். மாற்றும் வரை, ஆர்க் மூட்டுவதற்கு முன் சில நிமிடம் காஸைச் சும்மா ஓடவிடுங்கள். சிலிண்டரில் வரும் ஆர்கனின் பனிபடு நிலை மறை 40 பாகையோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும்; வாங்கும் இடத்தில் சான்றிதழ் கேளுங்கள், தூய்மைச் சதவீதத்தை மட்டும் கேட்டு வந்துவிடாதீர்கள்.

பிறகு அடித்தகடு. அசிற்றோனால் துடைத்த பிறகே துருப்பிடிக்காத உருக்குத் தூரிகை. வரிசையை மாற்றினால் தூரிகை எண்ணெயை உலோகத்துக்குள் தேய்த்துவிடும். துடைத்த தகட்டை அன்றைக்கே பயன்படுத்துங்கள். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் சில மணித்தியாலத்துக்குள்.

மின்விசிறியை மறக்காதீர்கள். வெக்கை தாங்காமல் நின்று சுழலும் மின்விசிறி ஒன்று இல்லாத பட்டறை கொழும்பில் இல்லை. அது டோர்ச் பக்கம் திரும்பும் போதெல்லாம் காஸ் போர்வை கலைந்துவிடும். துளைகள் ஒரே சீரான இடைவெளியில் கொத்துக் கொத்தாக வந்தால் விசிறி எத்தனை நொடிக்கு ஒருமுறை திரும்புகிறது என்று பாருங்கள். காஸை நிமிடத்துக்கு 25 லீற்றருக்கு மேல் கூட்டிச் சமாளிப்பது தப்பு. வேகம் கூடினால் சுழிப்பு வந்து வெளிவளியை அதுவே இழுத்துக்கொள்ளும்.

ஃபிரோனியஸ் நிறுவனத்தின் சி.எம்.டி. (குறைந்த சூட்டில் உலோகத்தை இறக்கும்) வெல்டிங் மெசின் இருந்தால் சாதாரண சி.எம்.டி. முறைக்குப் பதிலாகப் பல்ஸ் அட்வான்ஸ்ட் முறையைப் போட்டுப் பாருங்கள். 2319 கம்பியில் துளை வெகுவாகக் குறையும். மின்முனை மாறும்போது கம்பி நுனியின் ஒட்சைட்டு சுத்தமாவதும் வெப்பம் குறைவதும் காரணம்.

உருட்டிய துண்டில் மட்டும் துளை, உருட்டாததில் இல்லை

இது நியாயமாக எதிர்மாறாக இருக்க வேண்டும். 45 கிலோநியூட்டன் சுமையில் உருட்டி, பின்னர் சூடாக்கிப் பதப்படுத்தியபோது அலுமினியத்தின் நுண்துளைகள் ஏறக்குறைய முழுவதும் மறைந்தன என்பது கிரான்ஃபீல்டில் கண்ட முடிவு. உருட்டியதில் துளை கூடினால், ரோலரிலிருந்து எண்ணெய் வருகிறது. ஐதரோலிக் சிலிண்டர் சீல், பெயரிங் கிரீஸ், துரு வராமல் இருக்கப் பூசிய எண்ணெய் மூன்றையும் பாருங்கள். வெள்ளைத் துணியை அசிற்றோனில் நனைத்து ரோலர் முகத்தைத் துடையுங்கள். துணியில் மஞ்சள் நிழல் தெரிந்தால்கூட அது துளைதான்.

அலுமினியச் சுவரில் கரும்படலம்

5183, 5356 போன்ற மகனீசியக் கம்பியில் ஓரளவு கறுப்பு வரும்; ஆவியாகும் மகனீசியம் படிவதுதான். தூரிகையால் துடைத்துவிட்டு அடுத்த அடுக்கைப் போடலாம். 2319 இல் கறுப்பு வந்தால் அப்படி விடக் கூடாது. டோர்ச் கோணத்தைப் பாருங்கள்: இழுத்துப் போனால் கறுக்கும், 10 முதல் 15 பாகை தள்ளும் கோணத்தில் போனால் ஆர்க் தனக்கு முன்னால் சுத்தம் பண்ணிக்கொண்டு போகும்.

தொடங்கும் முனை மேடு, முடியும் முனை பள்ளம். சுவர் கணக்குப்படி உயரவில்லை

ஆர்க் மூட்டும்போது அடி குளிர்ந்திருக்கிறது, பீட் (ஓர் ஓட்டத்தில் விழும் உலோக வரி) குறுகி உயரமாக நிற்கும். முடிவில் எல்லாம் சூடு, உருகிய குளம் வழியும். ஒரே திசையில் இருபது அடுக்குப் போட்டால் சுவர் சரிவுப் பாதையாகிவிடும். அடுக்குக்கு அடுக்குத் திசையை மாற்றுங்கள். தொடக்கத்தில் கரண்டைச் சற்றுக் கூட்டி, கடைசி 15 மி.மீ. இல் படிப்படியாகக் குறைத்து, குழி நிரப்பி நிறுத்துங்கள்.

உயரம் பிந்துவது இன்னொரு கதை. ப்ரோகிராமில் 2 மி.மீ., உண்மையில் 1.9 என்றால் ஐம்பது அடுக்கில் 5 மி.மீ. வித்தியாசம். டோர்ச் அவ்வளவு விலகிப் போகும், காஸ் போர்வை மெலியும், அப்புறம் துளை வரும், நீங்கள் கம்பியைச் சந்தேகப்படுவீர்கள். ஐந்து அடுக்குக்கு ஒருமுறை மூன்று இடத்தில் உயரம் அளந்து எழுதுங்கள். உருட்டும் வேலையில் இது இன்னும் முக்கியம்: 2 மி.மீ. அடுக்கு உருட்டிய பிறகு 1.7 ஆகலாம், சுவர் 5.5 இலிருந்து 6.5 ஆக விரியலாம். ப்ரோகிராமில் போட வேண்டியது உருட்டிய பிறகுள்ள உயரம்.

அடுக்குகளுக்கிடையே அலுமினியத்தை 100 பாகைக்குக் கீழே இறங்க விடுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பளபளக்கும் அலுமினியத்தில் அகச்சிவப்புத் துப்பாக்கி வெப்பமானி பொய் சொல்லும், அது 0.95 காலல்திறன் (வெப்பத்தைக் கதிராக வெளிவிடும் திறன்) என்று வைத்துக் கணக்குப் போடுகிறது, அலுமினியத்தின் காலல்திறனோ 0.1 அளவில். 60 பாகை என்று காட்டும் சுவர் கையைச் சுட்டுவிடும். தொட்டு அளக்கும் வெப்ப இணையைப் பாவியுங்கள்.

ஒக்டோபர், நவம்பர் மாலை இடிமழையில் கரண்ட் போய் ஓட்டம் பாதியில் நின்றால், ஜெனரேட்டர் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள். நின்ற இடத்து ஒட்சைட்டையும் குழியையும் அரைத்து எடுத்து, அந்த அடுக்கை முழுவதுமாக மட்டம் பண்ணி, முதல் ஓட்டத்தை மட்டும் கூடிய கரண்டில் போடுங்கள். அந்த உயரத்தைப் பதிவேட்டில் குறித்து வையுங்கள். பின்னால் பரிசோதிக்கும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

டைட்டேனியத்தில் நிறம்

வெள்ளி நிறம் நல்லது. இளம் வைக்கோல் நிறத்தோடு வாழலாம். கபிலம், ஊதா, நீலம் என்று போகப் போக ஒட்சிசன் கூடியிருக்கிறது. சாம்பலும் வெள்ளைத் தூளும் என்றால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள். டைட்டேனியம் 400 பாகைக்குக் கீழ் வரும் வரை ஆர்கனுக்குள் இருக்க வேண்டும், எனவே டோர்ச்சின் பின்னால் இழுபடும் காஸ் கவசம் கட்டாயம். பெரிய பாகத்துக்கு முழுக் கூடாரமே நல்லது. கூடாரத்துக்குள் ஒட்சிசன் மீற்றர் வைத்து, 100 பி.பி.எம். க்கு மேல் இருந்தால் ஆர்க் மூட்டாதீர்கள்.

பலர் செய்வது நீலத்தைத் தூரிகையால் தேய்த்து வெள்ளியாக்கி, மேலே அடுத்த அடுக்கைப் போடுவது. நிறம் போனது, ஒட்சிசன் போகவில்லை. அது அடுத்த குளத்தில் கரைந்து உலோகத்தை நொறுங்கும் தன்மையாக்கும், பிரஸ்ஸுக்குள் போகும்போதுதான் தெரியும். நீலம் வந்த அடுக்கைச் சீவி எடுத்தே ஆக வேண்டும். சூடாக்கிய பிறகு வரும், ஒட்சிசன் ஏறிக் கடினமான மேல்தோலுக்கும் (ஆல்ஃபா தோல்) அதேதான். அமிலக் குளியலில் எடுப்பது பெரிய தொழிற்சாலை வேலை. ஐதரோபுளோரிக் அமிலத்தைச் சின்னப் பட்டறைக்குள் கொண்டுவரவே வேண்டாம், மெசினில் சீவுங்கள்.

கடற்கரை நகரத்துக்கு இன்னொரு எச்சரிக்கை. வியர்வை விரல் தடத்திலும் கடற்காற்றிலும் உப்பு இருக்கிறது. உப்புப் படிந்த டைட்டேனியத்தைச் சுமையோடு சூடாக்கினால் நுண்வெடிப்பு வரும். உலைக்கோ சூட்டு வளைப்புக்கோ போகுமுன் அசிற்றோனால் துடைத்து, புதிய நைற்றைல் கையுறையோடு மட்டும் தொடுங்கள். குளோரின் உள்ள கரைப்பானும் மெதனோலும் கூடாது. குழாய்த் தண்ணீரிலும் குளோரின் உண்டு, கடைசிக் கழுவல் அயன் நீக்கிய நீரில்.

அடித்தகடு இரு முனையும் மேலே தூக்கி வளைகிறது

ஏற்றிய உலோகம் குளிரும்போது நீளவாக்கில் சுருங்க முயலும், தகடு விடாது. கிளாம்பைக் கழற்றியதும் தகடு எழும்பும். ஜிக்கை இன்னும் இறுக்குவது தீர்வு இல்லை. இறுக்கினால் வளைவு தகைப்பாக உள்ளே நிற்கும், பின்னர் மெசின் பண்ணும்போது வெளியே வரும்.

முதல் தெரிவு: பாகத்தின் வடிவம் இடம் கொடுத்தால் தகட்டின் இரு பக்கமும் மாறி மாறி அடுக்குங்கள். இரண்டாவது: ஒவ்வொரு அடுக்கையும் உருட்டுவது, ஏனென்றால் ரோலர் உலோகத்தை நீளவாக்கில் தள்ளி அந்தச் சுருக்கத்தை ஈடுகட்டுகிறது. மூன்றாவது: தகட்டை முன்கூட்டியே எதிர்ப்பக்கம் வளைத்து வைப்பது. மூன்றாவதை ஒரே மாதிரிப் பாகம் பல வரும்போது மட்டும் செய்யுங்கள். முதல் துண்டில் அந்த அளவு தெரியவே தெரியாது.

ரோலர் போன பிறகு சுவர் சாய்கிறது, உதடு தள்ளுகிறது, மணி மாறவில்லை

ரோலரைப் பற்றி ஒரு கணக்கு முதலில். 45 கிலோநியூட்டன் என்றால் ஏறக்குறைய 4.6 தொன் எடை. பெரிய வெல்டிங் ரோபோக்கூட இதைத் தாங்காது. தனி கன்ரி (பாலம் போன்ற சட்டம்), ஐதரோலிக் சிலிண்டர், தடித்த அடிமேசை வேண்டும். ரோலர் 100 மி.மீ. விட்டம், 20 மி.மீ. அகலம், எச்13 என்ற கருவி உருக்கு என்றால் தொடங்கலாம். இவ்வளவும் இல்லாதவர்கள் காற்றுச் சுத்தியலால் அடித்துப் பார்க்கலாம். அது ஓரிரு மி.மீ. ஆழத்துக்குமேல் போகாது என்பதைத் தெரிந்தே செய்யுங்கள்.

சுவர் ஒரு பக்கம் சாய்ந்தால் ரோலர் நடுவும் பீட் நடுவும் ஒன்றில் இல்லை. நீல மையை ரோலரில் பூசி, மெல்லிய சுமையில் ஓட்டிப் பாருங்கள். தடம் பீட்டின் ஒரு தோளில் மட்டும் விழுந்தால் நகர்த்துங்கள். நடுவில் இருந்தும் சாய்ந்தால், சுவர் உயரமாகி ரோலருக்குக் கீழே தள்ளாடுகிறது. நடுவில் குழி வெட்டிய ரோலரை மாற்றுங்கள், அது பீட்டை இரு பக்கமும் பிடித்துக்கொள்ளும்.

இரு பக்கமும் உதடு தள்ளி, அடுக்குகளுக்கிடையே பள்ளம் விழுந்தால், தட்டையாகிய அடுக்கு விரிந்துவிட்டது, அடுத்த பீட் அதைவிடக் குறுகலாக விழுகிறது. பள்ளத்துக்குள் உருகாத விளிம்பு இருக்கும். ஃபோர்ஜிங்கில் அது மடிப்பாகும். சுமையை 45 இலிருந்து 30 க்கு இறக்குங்கள், இல்லையென்றால் டோர்ச்சை இடவலமாக ஆட்டி பீட்டை அகலமாக்குங்கள். விளிம்பில் குறுக்கே மயிரிழை வெடிப்பு வந்தால் ஒரே அடுக்கைப் பல தடவை உருட்டியிருக்கிறீர்கள். ஒரு தடவை, அதிகம் போனால் இரண்டு.

டைட்டேனியத்தில் உருட்டுவதன் நோக்கமே வேறு. உருட்டாத சுவரில் பீற்றா மணிகள் (மணி என்பது உலோகத்தின் படிகத் துகள்; பீற்றா என்பது அதிக சூட்டில் டைட்டேனியம் எடுக்கும் படிக வடிவம்) அடுக்கு அடுக்காகத் தாண்டி மேலே வளர்ந்து, சென்ரிமீற்றர் நீளத் தூண்களாக நிற்கும். அரித்துப் பார்த்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். அப்படிப்பட்ட சுவர் தூண்களின் திசையில் இழுத்தால் நீளும், குறுக்கே இழுத்தால் சீக்கிரம் அறும். சரியாக உருட்டினால் தூண்கள் உடைந்து நூறு மைக்ரோமீற்றர் அளவுச் சம மணிகளாகும். உருட்டியும் தூண் அப்படியே இருந்தால் இதைப் பாருங்கள்: அடுத்த பீட் எவ்வளவு ஆழம் மறுபடி உருக்குகிறது, ரோலரின் நெருக்கம் எவ்வளவு ஆழம் போகிறது? மணி மாறுவது நெருக்கிய உலோகம் உருகாமல், பீற்றா மாற்ற வெப்பநிலையான 995 பாகை அளவைத் தாண்டிச் சூடாகும் இடத்தில்தான். நெருக்கிய ஆழம் முழுவதையும் அடுத்த ஆர்க் உருக்கிவிட்டால் ரோலர் செய்த வேலை அத்தனையும் வீண். கரண்டைக் குறையுங்கள் அல்லது சுமையைக் கூட்டுங்கள். இந்த வேலையில் ரோலர்காரரும் வெல்டிங்காரரும் ஒரே தாளில் எழுத வேண்டும் என்பது இதற்காகத்தான். மேலே கடைசி அடுக்கு எப்படியும் மாறாது. அதைச் சீவி எடுக்கிற மாதிரி உயரம் விட்டு வையுங்கள்.

தகட்டை வளைக்கும்போது ரிப்பின் அடியில் வெடிப்பு

முதல் வேலை, வெடிப்பு முன்பே இருந்ததா என்று பிரிப்பது. வெடிப்பைத் திறந்து முகத்தைப் பாருங்கள். மங்கலாக, நிறம் மாறி, வழுவழுப்பாக இருந்தால் அது உறையும்போதே வந்த சூட்டு வெடிப்பு. பிரஸ் அதை விரித்துக் காட்டியதோடு சரி. பளிச்சென்று, சொரசொரப்பாக இருந்தால் வளைப்பில் அறுந்தது. இனிமேல் வளைப்பதற்கு முன்பும் பின்பும் சாயம் ஊடுருவும் பரிசோதனை செய்யுங்கள், இந்தக் கேள்வியே எழாது.

சூட்டு வெடிப்பு என்றால் கம்பியைப் பாருங்கள். 7075 கம்பியை ஆர்க்கில் அடுக்கி வெடிக்கிறது என்று முறையிடுவதில் பொருளில்லை, அந்தக் கலவை அப்படித்தான் உறையும். 2017 இல் எச்.ஆர்.எல். ஆய்வகம் சேர்க்கோனியம் சார்ந்த நுண்துகள் கலந்து 7075 தூளை வெடிக்காமல் அச்சிட்டது, ஆனால் அது லேசர் தூள் முறையில். கடையில் வாங்கும் கம்பிக்கு அது பொருந்தாது. 2219 தகட்டுக்கு 2319 கம்பி என்பதே பாதுகாப்பு.

வளைப்பில் அறுந்தது என்றால் இடத்தைக் கூர்ந்து பாருங்கள். கிட்டத்தட்ட எப்போதும் ரிப் தகட்டில் உட்காரும் மூலையில், முதல் பீட்டின் கால் ஓரத்தில் இருக்கும். முதல் பீட் குளிர்ந்த தடித்த தகட்டில் விழுந்ததால் நிமிர்ந்து நின்று, காலில் கூரான மூலை விட்டிருக்கும். அதே மூலையில் தகட்டின் வெப்பம் பட்ட பகுதி மென்மையாகியிருக்கும், ரிப்போ விறைப்பாக இருக்கும். வளைவு முழுவதும் அந்த ஒடுங்கிய கோட்டில் குவிகிறது.

திருத்தம் ஆர்க்கிலிருந்து தொடங்க வேண்டும். முதல் இரண்டு பீட்டை ஆட்டி அகலமாகப் போடுங்கள், அல்லது ரிப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு பீட் சேர்த்து அடியை விரியுங்கள். பிறகு மூலையைப் பந்துமுனைக் கட்டரால் வட்டமாகச் சீவுங்கள். தகட்டின் தடிப்புக்குக் குறையாத ஆரம். அரைக்கும் கல்லால் செய்தால் கல்லின் கீறல் வளைவுக் கோட்டுக்கு இணையாக வராமல் பாருங்கள், அப்படி வரும் ஒவ்வொரு கீறலும் ஒரு வெடிப்பின் தொடக்கம்.

அடுத்து, வளைப்பதற்கு முன் முழுத் துண்டையும் மென்மையாக்குங்கள். 2219 க்கு 415 பாகையில் இரண்டு முதல் மூன்று மணித்தியாலம், பின்னர் மணிக்கு 28 பாகைக்கு மேல் விழாதபடி 260 பாகை வரை உலைக்குள்ளேயே குளிரல். உலைக் கதவைத் திறந்துவிட்டால் கணக்கு முடிந்தது. ரிப் வளைவுக் கோட்டுக்கு இணையாக ஓடினால் இவ்வளவு செய்தால் போதும். ரிப் வளைவின் மேலேயே ஏறி ஓடினால் ரிப்பின் தலை நீளவேண்டும் அல்லது நெளியவேண்டும். உயரமான ரிப்பில் அதைத் தவிர்க்க ஒரே வழி தகட்டை முதலில் வளைத்துவிட்டு ரிப்பைப் பிறகு அடுக்குவது. ரோபோவும் சுழல் மேசையும் இருக்கும்போது அது ஒன்றும் பெரிய காரியமில்லை; பிரஸ்ஸோடு சண்டை பிடிப்பதைவிட மலிவு.

ஸ்பிரிங்பேக் ரிப் உள்ள இடத்தில் ஒன்று, இல்லாத இடத்தில் இன்னொன்று

விறைப்பு இடத்துக்கு இடம் மாறும் துண்டு, பிரஸ்ஸை விட்டதும் ஒரே அளவு பின்னே திரும்பாது. பன்ச்சை எவ்வளவு திருத்தினாலும் ஒரு இடம் சரிவரும்போது மற்ற இடம் கெடும். குளிர் வளைப்பை 80 சதவீதத்தோடு விட்டுவிட்டு மீதியைச் சூட்டில் பிடித்து எடுங்கள். டைட்டேனியத்தை 650 முதல் 730 பாகைக்குள் அச்சில் இறுக்கி வைத்தால் தகைப்பு தளர்ந்து வடிவம் நிலைக்கும். 2219 ஐ அச்சில் கட்டி, முதிர்வுச் சூட்டை (பலம் ஏறக் குறைந்த சூட்டில் நெடுநேரம் வைப்பது) அதே கட்டோடு கொடுக்கலாம்.

டைட்டேனியத்தை 900 பாகைக்கு மேல் மீநெகிழ் முறையில் (அறாமல் பல மடங்கு நீளும்படி) ஊதி வளைக்கப் பார்ப்பவர்களுக்கு: அந்தத் தகட்டின் மணி 10 மைக்ரோமீற்றருக்குக் கீழே, அடுக்கிய பகுதியின் மணி அப்படியில்லை. தகடு நீளும், அடுக்கிய இடம் நீளாது, இரண்டுக்கும் நடுவில் மெலிந்து கிழியும். அடுக்கிய இடத்தை நீளவேண்டிய பகுதியில் வைக்கவே வேண்டாம்.

உலையிலிருந்து வந்ததும் கொப்புளம், அல்லது தோடம்பழத் தோல்

கொப்புளத்துக்கு இரண்டு தகப்பன். ஒன்று ஐதரசன்: துளைக்குள் அடைபட்ட வாயு சூட்டில் ஊதும். முதல் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். மற்றது உலை. 2219 ஐக் கரைசல் சூட்டுக்கு (கலவையிலுள்ள செம்பைக் கரைய வைக்கும் சூடு) 535 பாகையில் வைக்கிறோம்; 543 ஐத் தாண்டினால் மணி எல்லைகள் உருகத் தொடங்கும். இடைவெளி வெறும் 8 பாகை. உலை வெப்பத்துக்கான வானூர்தித் துறைத் தரமான ஏ.எம்.எஸ். 2750 இன்படி 2 ஆம் வகுப்பு உலையே ±6 பாகை ஆடும். பானை சுடும் உலைக்குக் கன்ரோலர் மாட்டி இதைச் செய்யப் பார்க்காதீர்கள். துண்டின் மேலேயே குறைந்தது மூன்று வெப்ப இணை கட்டி, உலையின் மூலைகளைத் தனியாக அளந்து பாருங்கள். எல்லை உருகிய துண்டைத் திருப்பி எடுக்க வழியே இல்லை.

தோடம்பழத் தோல் பெருத்த மணியின் அடையாளம். பெரும்பாலும் ரோலர் தூக்கும் முனைகளிலும், ரிப் தகட்டோடு சேரும் அடியிலும் வரும். காரணம் வியப்பானது: அதிகம் நெருக்கியதால் வருவதில்லை, கொஞ்சமாக நெருக்கியதால் வருகிறது. இரண்டு முதல் பத்துச் சதவீதம் வரையான சிறு நெருக்கம் உள்ள இடத்தில், சூட்டின்போது புதிய மணிகள் சிலவே முளைக்கின்றன. போட்டியில்லாமல் அவை பெருத்துவிடுகின்றன. நன்றாக நெருக்கிய இடத்தில் ஏராளமாக முளைத்து எல்லாம் சிறிதாகவே நிற்கும். ரோலர் ஓட்டத்தைப் பாகத்தின் முனையைத் தாண்டி நீட்டி, அந்த நீட்டத்தை வெட்டி எறியுங்கள். வளைப்பை, முடிந்தால், கரைசல் சூடும் தணிப்பும் கொடுத்த பிறகு, முதிர்வுக்கு முன் செய்யுங்கள். அப்போது சிறு நெருக்கத்துக்குப் பின் பெரிய சூடு வராது. முதிர்வு 190 பாகை அளவில் 26 முதல் 36 மணித்தியாலம், அந்தச் சூட்டில் மணி வளராது.

ஃபோர்ஜ் பண்ணிய முன்வடிவத்தில் மடிப்பு, பாதி மாறிய மணி

அடுக்கிய சுவரின் பக்கங்கள் மேடும் பள்ளமுமாக இருக்கும். அப்படியே டைக்குள் போட்டால் ஒவ்வொரு பள்ளமும் மடிந்து உள்ளே போகும். முன்வடிவத்தின் பக்கங்களைப் பள்ளம் தெரியாத வரை சீவுங்கள், ஒரு மி.மீ. இழப்பு இங்கே இழப்பே அல்ல.

மணி சில இடத்தில் மாறி, சில இடத்தில் தூணாகவே நின்றால் அங்கே உலோகம் போதிய அளவு நகரவில்லை. டைட்டேனியம் குளிரும்போது உள்ளே உண்டாகும் தகடு போன்ற ஆல்ஃபா படிகங்களை உடைத்து உருண்டையாக்கப் பெரிய நெருக்கம் வேண்டும். இறுதி வடிவத்துக்கு மிகக் கிட்டிய முன்வடிவம் செய்தால் அந்த நெருக்கம் கிடைக்காது. உலோகத்தை மிச்சம் பிடிக்கும் ஆசையில் செய்யும் பிழை இது. நெருக்கம் குறைந்த இடத்தில் முன்வடிவத்தை உயரமாகவும் ஒடுக்கமாகவும் அடுக்குங்கள், டைக்குள் அது அமர்ந்து விரியட்டும். சூடு 945 முதல் 965 பாகை. 995 ஐ நெருங்கினால் மணி மறுபடி பெருக்கும். கண்ணாடிப் பூச்சுப் போட்டு, டையைச் சூடாக்கி வையுங்கள். குளிர்ந்த டையில் தோல் உறைந்து விளிம்பு வெடிக்கும்.

அல்ட்ராசொனிக்கில் திரை முழுக்க இரைச்சல்

குறை இருப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இல்லை என்றும் எடுக்க வேண்டாம். முதலில் மேற்பரப்பைச் சீவி மட்டமாக்குங்கள். பிறகும் இரைச்சல் இருந்தால் தூண் மணிகள் அலையைச் சிதறடிக்கின்றன. 5 மெகாஹேட்ஸ் தலையிலிருந்து 2.25 க்கு இறங்குங்கள். கருவியைச் சரிபார்க்கும் அளவுத் துண்டை உருட்டிய தகட்டிலிருந்து வெட்டினால் அளவு பொய்யாகும். அதே கம்பியில், அதே ரோலர் சுமையில் அடுக்கிய சுவரிலேயே 1 மி.மீ. துளை போட்டு அளவுத் துண்டு செய்து, மணியின் திசையிலும் குறுக்கேயும் தனித்தனியாக அளவு எடுங்கள். பதிவேட்டில் கரண்ட் நின்ற உயரம் என்று குறித்திருக்கிறீர்களே, தேடலை அந்த உயரத்திலிருந்து தொடங்குங்கள்.